ஒரு மணி நேரத்தில் எத்தனை லைக்?

"மாமா, சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. என்ன பண்றது?" என்று கும்பகோணத்திலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள். கல்லூரியில் முதலாம் ஆண்டு பி.காம். படிக்கிறாள். லேப்டாப் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்தச் சிவப்புக் கோட்டைச் சந்தித்தே ஆக வேண்டும். டிரைவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே மிச்சம் இருந்தால், விண்டோஸ் அந்தக் கோட்டின் நீல நிறத்தைச் சிவப்பாக மாற்றிக் காட்டும். பயப்பட ஒன்றும் இல்லை. வேண்டாத பைல்களை நீக்கினால் மீண்டும் நீலமாகிவிடும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். தீபாவளி முடிந்து அக்கா வீட்டுக்குப் போகவில்லையே என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன்.

செட்டிங்ஸ் பிரிவில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்று கிளிக் செய்து போனால், எந்த வகை பைல்கள் எவ்வளவு இடத்தை அடைத்துக் கொண்டிருக்கின்றன என்று பட்டியலாகப் பார்க்கலாம். அவளுடைய லேப்டாப்பில் முதலிடம் படங்களுக்கு. தீபாவளி என்று ஒரு போல்டர். அதில் 212 படங்கள். எல்லாம் ஒரே நாள், ஒரே புடவை, அதே வாசல்படி, அதே சிரிப்பு. தலை மட்டும் ஒன்றில் சற்று இடப்பக்கம், இன்னொன்றில் சற்று வலப்பக்கம். இப்படிப் பொங்கல், கல்லூரிச் சுற்றுலா, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று போல்டர் போல்டராக இருந்தது.

"இதுல எதை வச்சுக்கலாம், எதை அழிக்கலாம்னு நீயே சொல்லு" என்றேன்.

"எதையும் அழிக்க வேண்டாம் மாமா."

"இவ்வளவு எடுத்தியே, எதைப் போட்டே?"

"ஒண்ணு போட்டேன். எடுத்துட்டேன்."

அவள் காபி கொண்டுவர உள்ளே போனபோது டெஸ்க்டாப்பில் ஓர் எக்ஸெல் பைல் கண்ணில் பட்டது. எக்ஸெல் அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுச் செலவுக் கணக்கை அதில் எழுதி வருவதாக அக்கா சொல்லியிருந்தாள். அதுதான் என்று நினைத்துத் திறந்துவிட்டேன். கேட்காமல் திறந்தது என் தவறு. அதை அவளிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அது செலவுக் கணக்கு இல்லை. முதல் நெட்டு வரிசையில் தேதி. இரண்டாவதில் படம் போட்ட நேரம். மூன்றாவதில் ஒரு மணி நேரத்தில் வந்த லைக். நான்காவதில் ஒரு நாளில் வந்த லைக். ஐந்தாவதில் அவளுடன் படிக்கும் ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே அந்தப் பெண் போட்ட படங்களுக்கு வந்த லைக். ஆறாவதில் 'வைத்தேன்' அல்லது 'எடுத்தேன்'. மொத்தம் 34 படுக்கை வரிசைகள். அதில் 19 இடங்களில் 'எடுத்தேன்' என்று இருந்தது. கடைசி வரிசையில் நான் கற்றுக் கொடுத்த ஆவரேஜ் பார்முலா. ஒரு மணி நேரச் சராசரி 58. பக்கத்துச் செல்லில் அந்தப் பெண்ணின் சராசரி. அது 200-ஐத் தாண்டியிருந்தது.

பார்முலாவில் ஒரு பிழை கூட இல்லை. அதைப் பார்த்து மகிழ்வதா, வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் வந்து பார்த்தாள். முகம் மாறியது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து விளக்க ஆரம்பித்துவிட்டாள். "ஒரு மணி நேரத்துல 60 வரலைன்னா அந்தப் படம் போச்சு மாமா. அதுக்கப்புறம் ஏறாது. எல்லாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துடணும்." தீபாவளிப் படத்துக்கு ஒரு மணி நேரத்தில் 41. அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை என்றும், வயிற்று வலி என்று சொன்னதாகவும் பிறகு அக்கா சொன்னாள்.

இதை அவளுடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

பட்டன் வந்த கதை

ஊருக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் இதையே யோசித்துக் கொண்டு வந்தேன். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. கணக்குப் போடும் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? அந்த எண் எப்போதிலிருந்து படத்தின் கீழ் வந்து உட்கார்ந்தது?

பேஸ்புக் 2004 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அப்போது லைக் பட்டன் கிடையாது. ஒருவர் எழுதியது பிடித்திருந்தால் நான்கு வார்த்தை டைப் செய்துதான் சொல்ல வேண்டும். அதைச் சுலபமாக்க ஒரு பட்டன் வைக்கலாம் என்று 2007-லேயே அங்கே பேச்சு தொடங்கிவிட்டது. முதலில் அதற்கு 'ஆசம்' பட்டன் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். 2009 பிப்ரவரி 9 அன்று லைக் என்ற பெயரில் அது எல்லாருக்கும் வந்தது. வீமியோ, பிரண்ட்பீட் போன்ற தளங்களில் அதற்கு முன்பே இப்படிப்பட்ட பட்டன் இருந்தது. ஆனால் உலகம் முழுவதும் பழகியது பேஸ்புக்கால்தான். இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வந்தபோதே படத்தின் கீழ் லைக் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டனை வைத்தவர்கள் பாராட்டைச் சுலபமாக்கத்தான் வைத்தார்கள். ஆனால் வார்த்தைகளைக் கூட்ட முடியாது, கிளிக்குகளைக் கூட்ட முடியும். பத்துப் பேர் பத்து விதமாக எழுதினால் அது பத்துப் பேருடைய பேச்சு. பத்துப் பேர் கிளிக் செய்தால் அது '10'. எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதைவிடப் பெரிய எண்ணும் சிறிய எண்ணும் கூடவே வந்துவிடும்.

நம் தலைமுறை மட்டும் ஒழுங்கு என்று சொல்லிக் கொள்ள முடியாது. 2004-ல் வந்து 2014-ல் மூடப்பட்ட ஆர்குட் தளம் நினைவிருக்கிறதா? அதில் யாருக்கு எத்தனை ஸ்கிராப், எத்தனை பேன் என்று போட்டி போட்டவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். எனக்கு 1000-வது ஸ்கிராப் வந்த அன்று நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதை அக்கா மகளிடம் சொல்லவில்லை.

எண் நம்மை என்ன செய்கிறது?

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் செய்த ஆய்வு 2006-ல் சயின்ஸ் இதழில் வந்தது. மியூசிக் லேப் என்று ஓர் இணைய தளத்தை அமைத்தார்கள். அதில் யாருக்கும் தெரியாத குழுக்கள் பாடிய 48 பாடல்களை வைத்தார்கள். 14,000 பேருக்கு மேல் வந்து கேட்டார்கள். பிடித்ததை டவுன்லோட் செய்து கொண்டார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டுமே காட்டப்பட்டன. மற்றவர்களை எட்டுத் தனித்தனி கூட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் டவுன்லோட் செய்தார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டத்தின் எண் தெரியாது.

முடிவு என்ன தெரியுமா? எண்ணைப் பார்த்த கூட்டங்களில் பெரிய பாட்டு மிகப் பெரியதாயிற்று. சின்னப் பாட்டு காணாமல் போயிற்று. அதோடு, எது பெரிய பாட்டு ஆகும் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. ஒரு கூட்டத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொரு கூட்டத்தில் 40-வது இடத்தில் கிடந்தது. பாட்டு அதேதான். முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்களோ, அதன் பின்னால் மற்றவர்கள் போய்விட்டார்கள்.

மிக மோசமான பாட்டு முதலிடத்துக்கு வருவதும், மிக நல்ல பாட்டு கடைசிக்குப் போவதும் அரிதாகவே நடந்தன. இடையில் இருக்கும் பாடல்களுக்குத்தான் எந்தக் கதியும் நேரலாம். நம்மில் பெரும்பாலோர் இடையில் இருப்பவர்கள்தானே.

பத்து ஆண்டுகள் கழித்து, 2016-ல், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லாரன் ஷெர்மன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். 13 முதல் 18 வயது வரை உள்ள 32 பேரை மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து, 148 படங்களைக் காட்டினார்கள். அதில் 40 அவரவர் கொடுத்த சொந்தப் படங்கள். படத்தின் கீழே இருந்த லைக் எண்ணிக்கை உண்மையானது அல்ல. ஆய்வாளர்களே சிலவற்றுக்கு அதிகமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் போட்டு வைத்தது. ஒரு பாதிப் பேருக்கு அதிக லைக்குடன் காட்டிய படத்தையே மறுபாதிப் பேருக்குக் குறைந்த லைக்குடன் காட்டினார்கள். பிள்ளைகள் அதிக லைக் இருந்த படத்துக்குத்தான் அதிகம் லைக் கொடுத்தார்கள். சிகரெட்டும் மதுவும் இருந்த படங்களுக்கும் இது பொருந்தியது. சொந்தப் படத்துக்கு நிறைய லைக் வந்திருப்பதைப் பார்த்தபோது, பரிசு கிடைத்தால் வேலை செய்யும் மூளைப் பகுதி தூண்டப்பட்டது.

பொய்யாகப் போட்ட எண்தான். மூளைக்கு அது தெரியவில்லை.

படத்தின் அழகுக்கும் எண்ணுக்கும் இவ்வளவுதான் தொடர்பு என்று தெரிந்தால், 41 வந்த தீபாவளிப் படத்தை எடுத்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்த வாரம் போனில் அவளுக்குச் சொன்னேன். "தெரியும் மாமா. முதல்ல யார் லைக் போடறாங்கங்கறதுதான் முக்கியம். அதனாலதான் நேரத்தையும் எழுதி வச்சிருக்கேன்" என்றாள். 14,000 பேரை வைத்துக் கண்டுபிடித்ததை அவள் 34 வரிசையில் கண்டுபிடித்திருந்தாள். தெரிந்தும் வலிக்கிறது என்பதுதான் விஷயம்.

பார்வர்டு பட்டனும் இதே வேலைதான்

படத்தின் கீழ் உள்ள எண் இளைஞர்களின் பிரச்சினை என்று பெரியவர்கள் நினைத்துக் கொள்கிறோம். நம் கையிலும் ஒரு பட்டன் உண்டு. வாட்ஸ்அப் பார்வர்டு. வார்த்தை எழுத வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை, ஒரு தட்டு.

2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக ஒரு செய்தி தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோவிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் மூதாட்டி ஒருவர் இறந்தார். வேறு மாநிலங்களிலும் இப்படி நடந்தது. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் மாற்றியது. 2020 ஏப்ரலில், பல முறை பார்வர்டு ஆன செய்தியை ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. பிறகும் அனுப்பலாம். ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சிரமத்துக்கே முக்கால் பங்குக்கு நெருக்கமாகக் குறைந்துவிட்டது.

அப்படியானால் லைக் எண்ணையும் மறைத்துவிட்டால் சரியாகிவிடுமே?

மறைத்துப் பார்த்தார்கள்

நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்ஸ்டாகிராம் 2019-ல் முதலில் கனடாவிலும், பிறகு ஆஸ்திரேலியா, பிரேசில், ஜப்பான் போன்ற நாடுகளிலும் லைக் எண்ணை மறைத்துச் சோதித்தது. நிறுவனத்துக்குள் இதற்கு வைத்த பெயர் புராஜெக்ட் டெய்சி. பூவின் இதழ்களைப் பிய்த்துப் 'பிடிக்கும், பிடிக்காது' என்று எண்ணும் காட்சிதான் பெயரைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. 2021 மே மாதம், வேண்டுபவர்கள் மறைத்துக் கொள்ளலாம் என்று எல்லாருக்கும் அந்த வசதியைக் கொடுத்தார்கள். கட்டாயமாக்கவில்லை. சிலருக்கு நிம்மதி, சிலருக்கு எரிச்சல். மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தங்கள் வியாபாரத்தைப் பற்றித் தாங்களே சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு. ஆனால் இதில் ஓர் உண்மை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றக் காரணம் இன்னொரு ஆய்வு.

பேஸ்புக் தொடங்கிய புதிதில் எல்லாரும் அதில் சேர முடியாது. ஹார்வர்டுக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்துவிட்டார்கள். 2006 செப்டம்பர் இறுதியில்தான் 13 வயதான யாரும் சேரலாம் என்று ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், ஒரு கல்லூரியில் பேஸ்புக் உண்டு, பக்கத்துக் கல்லூரியில் இல்லை. பிராகியேரி, லெவி, மகாரின் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்திக் கொண்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் எடுக்கப்பட்ட உடல்நல, மனநல சர்வே விவரங்களை, எந்தக் கல்லூரிக்கு பேஸ்புக் எப்போது வந்தது என்பதோடு ஒப்பிட்டார்கள். 2022-ல் வெளியான முடிவு: பேஸ்புக் வந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் மோசமானது. ஒருவருக்கு வேலை போனால் ஏற்படும் மன பாதிப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு. அவர்கள் கண்ட முக்கியக் காரணம், மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது.

அப்போது லைக் பட்டன் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். எண் வருவதற்கு முன்பே ஒப்பீடு வந்துவிட்டது. எண் வந்தபோது அதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது, அவ்வளவே.

எல்லா ஆய்வாளரும் இப்படிச் சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஓர்பன், ஷிபில்ஸ்கி இருவரும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இளம் வயதினரின் விவரங்களை எடுத்துப் பார்த்து, டிஜிட்டல் கருவிகளுக்கும் மன நலத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது என்று 2019-ல் எழுதினார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மன நலத்துக்கும் உள்ள தொடர்பு ஏறக்குறைய அதே அளவுதான் என்று காட்டினார்கள். லட்சம் பேரின் சராசரியில் அப்படி இருக்கலாம். அந்தச் சராசரிக்குள் பாதிக்கப்படாத பல பேரும், சாப்பிடாமல் படுத்த ஒரு பெண்ணும் சேர்ந்தே இருப்பார்கள் என்பது என் கருத்து. பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வு ஒன்று 2021-ல் வெளியே கசிந்தது. ஏற்கெனவே தன் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த இளம் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்கியதாக அதில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நீல நிற நோட்டு

அடுத்த முறை கும்பகோணம் போனபோது அக்காவிடம் எக்ஸெல் விஷயத்தைச் சொன்னேன், மகளின் எதிரிலேயே. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்க வாங்கிக் கொடுத்த லேப்டாப்புல இதைத்தான் பண்றியா? அவ எவ்வளவு வாங்கினா உனக்கென்ன?" என்றாள்.

அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு நீல நிற நோட்டை எடுத்து வந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அக்கா எழுதி வைத்த நோட்டு அது. ஒவ்வொரு மாதத் தேர்வுக்கும் ஒரு பக்கம். இடது பக்கம் மகளின் மதிப்பெண். வலது பக்கம் வகுப்பில் முதலில் வரும் பெண்ணின் மதிப்பெண். கீழே வித்தியாசம், சிவப்பு மையில். எக்ஸெல் பைலின் ஐந்தாவது நெட்டு வரிசையில் இருந்ததும் அதே பெண்ணின் பெயர்தான். இருவரும் பள்ளியிலிருந்து ஒரே கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள்.

அக்கா வெகு நேரம் அந்த நோட்டைப் புரட்டிக் கொண்டிருந்தாள். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். பால் ஏதும் இல்லை.

தமிழ்நாடு அரசு 2017-ல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. முதலிடம், இரண்டாமிடம் என்று பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வருவது நின்றது. எண்ணை மறைக்கும் வேலையை இன்ஸ்டாகிராமுக்கு முன்பே நம் கல்வித்துறை செய்து பார்த்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நல்ல முடிவுதான். ஆனால் ரிசல்ட் வரும் அன்று "உங்க பொண்ணு எவ்வளவு?" என்று வரும் போன் நிற்கவில்லை. நானே அப்படி மூன்று போன் செய்திருக்கிறேன்.

லேப்டாப்பில் நாங்கள் செய்த மாற்றங்கள்

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து சிலவற்றை மாற்றினோம். நீங்களும் செய்து பார்க்கலாம். பிள்ளை இல்லாத நேரத்தில் ரகசியமாகச் செய்தால் மட்டும் பலன் இருக்காது.

முதலில் நோட்டிபிகேஷன். புதிய கம்ப்யூட்டரில் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'அறிவிப்புகளைக் காட்டலாமா?' என்று ஒரு சிறு பெட்டி வரும். அவசரத்தில் அலோ என்பதைக் கிளிக் செய்துவிடுகிறோம். பிறகு பாடம் படிக்கும்போதும் திரையின் ஓரத்தில் 'உங்கள் படத்தை இன்னார் லைக் செய்தார்' என்று எட்டிப் பார்க்கும். குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால், நீங்கள் அனுமதி கொடுத்த தளங்கள் எல்லாம் தெரியும். அவளிடம் 23 தளங்கள் இருந்தன. அதில் இரண்டு, அவள் பெயரே கேள்விப்படாத ஷாப்பிங் தளங்கள். எல்லாவற்றையும் நீக்கினோம். விண்டோஸிலும் சிஸ்டம் செட்டிங்ஸ் பிரிவில் நோட்டிபிகேஷன்களை ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக நிறுத்தலாம். என்னைக் கேட்டால், இந்த ஒன்றுதான் மிகவும் பயன்பட்டது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. பரிசு வந்ததென்று யாரும் கூப்பிடாவிட்டால், நாமே முடிவு செய்த நேரத்தில் போய்ப் பார்க்கலாம்.

அடுத்து லைக் எண்ணை மறைப்பது. இன்ஸ்டாகிராமில் நாம் போட்ட படத்தின் மேல் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால், ஹைட் லைக் கவுண்ட் என்று வரும். மற்றவர்களின் படங்களில் எண் தெரியாமல் இருக்கவும் செட்டிங்ஸில் தனி வசதி உண்டு. இதைச் செய்து கொடுத்தேன். நான்காம் நாள் அவள் பழையபடி மாற்றிவிட்டாள். "மறைச்சு வச்சா இன்னும் அதிகமா நினைப்பு வருது மாமா. யார் யார் லைக் போட்டாங்கன்னு ஒவ்வொரு பேரா எண்ணிட்டிருக்கேன்" என்றாள். இந்த வசதி பற்றி அந்த நிறுவனம் சொன்னதை அதன் பிறகு சற்றுக் கூடுதலாக நம்பத் தொடங்கினேன்.

மூன்றாவது அவளே சொன்ன யோசனை. அந்தப் பெண்ணின் பதிவுகளை மியூட் செய்தாள். மியூட் செய்தால் நட்பு முறியாது, அவளுக்குத் தெரியவும் தெரியாது. அவள் படங்கள் நம் பக்கத்தில் வராது, அவ்வளவுதான். கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால், இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கும்போது சரியான பிறந்த தேதியைக் கொடுக்கச் செய்யுங்கள். 2024 செப்டம்பரில் அந்த நிறுவனம் டீன் அக்கவுன்ட் என்ற முறையைக் கொண்டு வந்து, பிறகு இந்தியாவுக்கும் விரிவாக்கியது. இதில் அறிமுகம் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு பத்து முதல் காலை ஏழு வரை நோட்டிபிகேஷன் வராது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். வயதைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் இது எதுவும் இல்லை. பல வீடுகளில் அப்பாவே 1990 என்று போட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரிய சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்கவே கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. 18 வயதான என் அக்கா மகளுக்கு அந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது.

சி டிரைவ் விஷயத்தை விட்டுவிட்டேனே. 212 தீபாவளிப் படங்களில் ஒன்றைக் கூட அவள் அழிக்க ஒப்புக் கொள்ளவில்லை. எல்லாவற்றையும் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தேன். கோடு நீலமாயிற்று. அக்கா அந்தப் படங்களை டிவியில் போட்டுக் காட்டச் சொன்னாள். 212-ஐயும் ஒன்று விடாமல் பார்த்தாள்.

சென்ற வாரம் அக்கா மகளிடமிருந்து மீண்டும் போன். பிரிண்டர் பேப்பரை இழுக்கவில்லையாம். அதைச் சரி செய்யும் வழியைச் சொல்லிவிட்டு, மனம் கேட்காமல் அந்த எக்ஸெல் பைலைப் பற்றியும் கேட்டேன்.

"இருக்கு மாமா, அழிக்கலை. ஜனவரிக்கு அப்புறம் ரெண்டு வரிசைதான் சேத்திருக்கேன்" என்றாள். பிறகு, "அம்மாவோட நோட்டும் இருக்கு" என்றாள்.